பூட்டு ஆளை அறியாது

நள்ளிரவு கடந்து அரைமணி நேரம். கோலாலம்பூரில் மசூதி இந்தியா தெருவை ஒட்டிய சிறு விடுதியொன்றின் நான்காம் மாடி அறை. கட்டிலின்மேல் என் பயணப்பெட்டி கிடந்தது. அதன் விளிம்பில் பதித்த மூன்று எண்வளையங்களும் 4-1-7 என்று நேர்க்கோட்டில் நின்றன. பதினோர் ஆண்டுகளாக நான் மாற்றாத எண் அது. திறப்புக் குமிழைத் தள்ளினேன், அசையவில்லை. வளையங்களைக் கலைத்து மீண்டும் சேர்த்துத் தள்ளினேன், அப்போதும் அசையவில்லை. உள்ளே இருந்தவை அனைத்தும் என்னுடையவை: அன்றிரவு விழுங்கவேண்டிய குருதியழுத்த மாத்திரை, மாற்று வேட்டி இரண்டு, மறுநாள் அவையில் படிக்கவேண்டிய கட்டுரைத் தாள்கள், அக்கா கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய். எனக்கும் அவற்றுக்கும் இடையே இரண்டு விரற்கடை அகலமுள்ள ஒரு பூட்டு.

கீழே இரவுப்பணியில் இருந்த இளைஞர், ஈப்போப் பக்கத்துத் தமிழர், என் அழைப்பைக் கேட்டு மேலே வந்தார். பெட்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "இதத் திறக்க வழி இருக்கு ஐயா" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க பெட்டிதானே?" என்று கேட்டார்.

வினா சுருக்கென்று தைத்தது. ஆயினும் முறையான வினா. கைப்பிடியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை வானூர்தி நிலையத்திலேயே கிழித்தெறிந்துவிட்டேன். பெட்டி என்னுடையது என்பதற்கு எஞ்சியிருந்த ஒரே சான்று அந்த மூன்றிலக்க எண். அந்தச் சான்றைத்தான் பெட்டி ஏற்க மறுத்தது. அந்த வேளையில் உரியவனும் கள்வனும் பூட்டின்முன் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். பூட்டு ஆளை அறியாது. ஒரு வடிவத்தை மட்டுமே அறியும். அவ்வடிவத்தை யார் கொண்டுவந்தாலும் திறக்கும். உரியவனே கொண்டுவரத் தவறினாலும் திறவாது. இந்த ஓர் உண்மையைக் கைவிளக்காகக் கொண்டு பயணப்பெட்டியின் பூட்டுக்குள் சென்று காண்போம்.

எண்வளையத்தின் உள்ளே

பழைய பெட்டியொன்றின் பூட்டைக் கழற்றி மேலுறையை நீக்கினால், மெல்லிய அச்சுக்கோல் ஒன்றில் மூன்று எண்வளையங்கள் கோத்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு வளையத்தின் வெளிமுகத்திலும் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள். வளையத்தை ஒட்டி ஒரு சிறிய இலைவில் அழுத்திக்கொண்டிருக்கும். வளையம் திரும்பும்போது இலக்கத்துக்கு ஒன்றாக உள்ள பள்ளங்களில் அந்த வில்லின் நுனி விழுந்து எழும். நம் விரலுக்குத் தட்டுப்படும் 'டிக்' என்னும் துள்ளல் அதனால் எழுவது. இரண்டு இலக்கங்களுக்கு நடுவே வளையம் நில்லாமல் காப்பதும் அந்த வில்லே.

வளையத்தின் வயிற்றுக்குள் இன்னோர் உறுப்பு மறைந்திருக்கிறது. அதனை உட்குழல் என்போம். அது வளையத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தி அதனுடனேயே சுழலும். அதன் உடல் முழுதும் வட்டம். ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு. மூன்று உட்குழல்களுக்கும் பக்கத்தில் ஒரு தாழ்க்கோல் நீண்டு கிடக்கும். அதிலிருந்து மூன்று பற்கள் குழல்களை நோக்கி நிற்கும். மூன்று வெட்டுகளும் ஒரே திசையில் வந்து பற்களுக்கு நேரே நின்றால், பற்கள் வெட்டுகளுக்குள் இறங்கும், தாழ்க்கோல் நகரும், பூட்டு விடும். ஒரே ஒரு குழலின் வெட்டு விலகி நின்றாலும், அதன் வட்டப்பகுதி பல்லை முட்டித் தடுக்கும். மற்ற இரண்டும் சரியாக நின்றும் பயனில்லை.

ஆகவே பூட்டுக்குள் எந்த எண்ணும் எழுதப்பட்டிருக்கவில்லை. 417 என்பது வெளியே நின்று நாம் படிக்கும் பெயர். உள்ளே இருப்பது மூன்று வெட்டுகளின் திசை. நாம் எண்ணை நினைவில் வைக்கிறோம். பூட்டு திசையை நினைவில் வைக்கிறது. இரண்டையும் இணைத்து வைப்பது வளையத்துக்கும் குழலுக்கும் இடையே உள்ள பற்களின் பொருத்தம் ஒன்றே. இந்த உத்தி புதிதன்று. 1206-ஆம் ஆண்டு முடிவுற்ற தம் பொறிநூலில் அல்-ஜசாரி என்னும் பொறிவல்லார், நான்கு சுழல்முகங்களைச் சரியான நிலைக்குத் திருப்பினாலன்றித் திறவாத பேழையொன்றை விளக்கியிருக்கிறார். எட்டு நூற்றாண்டு மூத்த அந்தப் பேழைக்கும் நம் கட்டிலின்மேல் கிடக்கும் பெட்டிக்கும் அடிப்படை ஒன்றே.

இனி எண்ணை மாற்றும் வழிக்கு வருவோம். பூட்டின் ஓரத்தில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு குழி இருக்கும். பூட்டு திறந்துள்ள நிலையில் எழுதுகோலின் முனையை அதில் விட்டு அழுத்தினால், உட்குழல்கள் சற்றே பக்கவாட்டில் விலகி வளையங்களின் பற்களிலிருந்து விடுபடும். அப்போது வளையத்தைத் திருப்பினால் வளையம் மட்டும் சுழலும். வெட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு குமிழைத் தள்ளியதும் குழல் துள்ளித் திரும்பி மீண்டும் பல்லைப் பற்றிக்கொள்ளும். பழைய வெட்டுக்குப் புதிய பெயர் வந்துவிட்டது.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. புது எண்ணை ஏற்பதற்குமுன் "உறுதியா?" என்று பூட்டு கேட்பதில்லை. மாற்றியவர் உரியவரா, விளையாடும் குழந்தையா, துணிகளுக்கிடையே நெருக்கிய ஏதோ ஒரு கூர்முனையா என்று ஆராய்வதும் இல்லை. குழி அழுத்தப்பட்டது, வளையம் திரும்பியது, குமிழ் நகர்ந்தது, அவ்வளவில் முடிந்தது. இது பூட்டு திறந்திருக்கும்போது மட்டுமே நிகழக்கூடியது. பெட்டி திறந்துகிடப்பது நாம் பொருள்களை அடுக்கும் வேளையில். ஆகவே தவறு புறப்படும் வீட்டில் நேர்கிறது. அது வெளிப்படுவதோ போய்ச்சேர்ந்த ஊரில்.

ஆயிரத்தின் அமைப்பு

மூன்று வளையம், வளையத்துக்குப் பத்து இலக்கம். 000 முதல் 999 வரை மொத்தம் 1,000 எண்கள். ஓர் எண்ணை வைத்துக் குமிழைத் தள்ளிப் பார்க்க 2 நொடி ஆகுமெனக் கொண்டால், அனைத்தையும் முடிக்க 2,000 நொடி, அதாவது 33 மணித்துளிக்குச் சற்று மேல். வேண்டிய எண் தொடக்கத்திலும் இருக்கலாம், கடைசியிலும் இருக்கலாம். ஆதலால் சராசரியாக அதில் பாதி நேரம் போதும். ஒரு தேநீர் ஆறும் பொழுதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. நான்கு வளையப் பூட்டானால் 10,000 எண்கள், ஐந்தரை மணிநேரம். ஐந்து வளையமானால் 55 மணிநேரத்துக்கு மேல். வளையம் ஒன்று கூடினால் உழைப்பு பத்து மடங்காகிறது.

ஆயினும் 000-இல் தொடங்கி வரிசையாகப் போவது அறிவுடைய தேடல் ஆகாது. ஆயிரம் எண்களும் ஒரே தரத்தவை என்று கள்வன் கருதலாம். உரியவன் அவ்வாறு கருத வேண்டியதில்லை. அவனுக்குப் பழைய எண் தெரியும். பிழை அந்த எண்ணின் அண்டையில்தான் நேர்ந்திருக்கும் என்று கொள்வதற்கு இடமுண்டு.

அண்டை எவ்வளவு பெரிது? 417-ஐ நடுவில் வைத்து ஆயிரத்தையும் பகுத்துப் பார்ப்போம். ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்கள்: வளையத்துக்கு ஒன்பதாக மூன்று வளையத்துக்கும் 27. இரண்டு இலக்கங்கள் மாறியவை 243. மூன்றும் மாறியவை 729. இவற்றோடு 417 என்னும் எண்ணையும் சேர்த்தால் 1 + 27 + 243 + 729 = 1,000. ஊரின் நடுவே ஒரு வீடு, அதைச் சுற்றி 27 வீடுகள் கொண்ட உள்தெரு, அதற்கப்பால் 243 வீடுகளின் நடுத்தெரு, கடைசியில் 729 வீடுகளின் புறத்தெரு என்று இதனை உருவகித்துக்கொள்ளலாம். இரண்டு எண்தொடர்கள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றனவோ அதுவே அவற்றிடையே உள்ள தொலைவு என்று கொள்ளும் இந்த அளவைக்கு 'ஹாமிங் தொலைவு' என்று பெயர். அமெரிக்கக் கணக்கறிஞர் ரிச்சர்ட் ஹாமிங், கணிப்பொறிகளில் வழுவும் இலக்கங்களைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளும் முறையை 1950-இல் வெளியிட்டபோது இவ்வளவையைப் பயன்கொண்டார். சிதைந்து வந்த செய்திக்கு மிக அருகிலுள்ள முறையான சொல் எது என்று தேடுவது அம்முறையின் உயிர்நாடி. பூட்டின்முன் நிற்பவனுடைய வேலையும் அதுவே. அவன் கையில் இருப்பது சிதைந்த எண். தேடுவது அதன் அருகில் உள்ள மெய்யான எண். உள்தெருவின் 27 வீடுகளையும் தட்டிப்பார்க்க 54 நொடி போதும்.

அருகு என்பதும் எல்லாப் பிழைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பொறி தவறினால் ஒரு வளையம் ஓரிரு பல் நகரும். நினைவு தவறினால் இலக்கங்கள் இடம் மாறும். 417 என்பது 471 என்றோ 147 என்றோ மனத்தில் குடியேறும். மூன்று வெவ்வேறு இலக்கங்களை ஆறு வகையில் அடுக்கலாம். ஆகவே நினைவுப் பிழைக்கு முதலில் சோதிக்கவேண்டியவை ஐந்தே எண்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவை எத்தனை விரைவில் மறந்துபோகின்றன என்று தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்ட செருமானிய அறிஞர் எபிங்காசு 1885-இல் காட்டியவாறு, மறதி முதல் சில மணிநேரத்தில் செங்குத்தாகச் சரிந்து பிறகு மெல்ல இறங்குகிறது. கடையில் புதிதாக வாங்கிய அன்றே எண்ணை அமைத்துவிட்டு, மறுநாள் பயணம் புறப்படுவோர் மாட்டிக்கொள்வது இதனால்தான். பதினோர் ஆண்டு பழகிய எண்ணில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே பிழை பொறியில் நேர்ந்ததா, நெஞ்சில் நேர்ந்ததா என்று முதலில் தெளிவதே தேடலின் பாதி.

பெருக்கல் கூட்டலாகும் இடம்

ஆயிரம் என்பது 10-ஐ மும்முறை பெருக்கி வந்தது. அந்தப் பெருக்கல்தான் பூட்டின் வலிமை. மூன்று இலக்கமும் ஒருங்கே சரியாக இருந்தாலன்றிப் பூட்டு வாய் திறப்பதில்லை. "முதல் இலக்கம் சரி, இரண்டாவது தவறு" என்று அது சொல்வதில்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? முதல் வளையத்துக்குப் பத்து முயற்சி, இரண்டாவதற்குப் பத்து, மூன்றாவதற்குப் பத்து. 30 முயற்சியில் கதை முடிந்துவிடும். பெருக்கல் கூட்டலாகச் சுருங்கிவிடும்.

மலிவான பூட்டுகள் இதனை உண்மையிலேயே சொல்லிவிடுகின்றன. அவற்றின் உறுப்புகள் உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவை. எந்த வார்ப்பும் வரைபடத்தில் உள்ள அளவோடு மயிரிழையும் பிசகாமல் அமைவதில்லை. மூன்று உட்குழல்களில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுப் பருத்தோ, சற்று நெருங்கியோ நிற்கும். குமிழைத் தள்ளிப் பிடித்தபடி வளையங்களைத் தொட்டால், மூன்றும் ஒரே அளவில் இறுகியிருப்பதில்லை. தாழ்க்கோலின் முழு அழுத்தத்தையும் முதலில் தாங்குவது அந்த ஒன்றே. அது மட்டும் இறுகிநிற்கும். மற்ற இரண்டும் தளர்ந்து ஓடும். இறுகியதைத் திருப்பிக்கொண்டே வந்து அதன் வெட்டு பல்லுக்கு நேரே வந்துவிட்டால், விரலுக்கு ஒரு நுண்ணிய தளர்வு தட்டுப்படும்; அடுத்து வேறொரு வளையம் இறுகும். பூட்டு தன் மறைபொருளை முழுதாகக் காட்டவில்லை. துண்டு துண்டாகக் கசியவிட்டது. கசிவு போதும்.

இந்த உண்மையை உலகம் ஒரு பெருங்காட்சியில் கற்றது. இலண்டனில் ஜோசப் பிராமா என்னும் பொறிவல்லார் 1790-ஆம் ஆண்டு தம் கடைச் சாளரத்தில் ஒரு பூட்டை வைத்து, அதனைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினிப் பொற்காசு பரிசு என்று எழுதிவைத்தார். அதன் உள்ளே 18 நகர்தகடுகள். ஒவ்வொன்றும் குறித்த ஆழத்துக்கு இறங்கினாலன்றிப் பூட்டு திரும்பாது. தகடு ஒன்றுக்கு நான்கே நிலைகள் என்று சுருக்கிக் கணக்கிட்டாலும், மொத்தச் சேர்க்கைகள் 6,871 கோடியைத் தாண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பரிசு அசையாமல் கிடந்தது. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுவல்லார் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாள்களில் மொத்தம் 51 மணிநேரம் உழைத்து அதனைத் திறந்தார். அவர் கோடிகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பூட்டுக்கு மெல்லிய அழுத்தம் கொடுத்து, எந்தத் தகடு இறுகுகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுணர்ந்தார். நம் சுருக்கக் கணக்கின்படி 6,871 கோடிக்கு எதிரே அவர் முன் இருந்தவை 18 × 4 = 72 நிலைகள். அந்தப் பூட்டு இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூட்டு என்றாலே நம் மக்கள் சொல்லும் திண்டுக்கல்லிலும் இதே போராட்டம் நடந்துவந்திருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பூட்டுகளின் பெருமை, நெம்புகளைக் கையால் அரத்தில் தேய்த்துப் பொருத்தும் நுட்பத்தில் இருக்கிறது. அரத்தின் ஒவ்வோர் இழுப்பும் கசிவைக் குறைக்கும் முயற்சி. பயணப்பெட்டியின் பூட்டுக்கு அந்த உழைப்பை யாரும் செலவிடுவதில்லை.

செந்நிறச் சாய்சதுரம்

பல பெட்டிகளில் எண்வளையங்களுக்குப் பக்கத்தில் ஒரு சாவித்துளை இருக்கும். அருகே செந்நிறச் சாய்சதுரக் குறியொன்றும் பொறித்திருக்கும். மாட்டிக்கொண்டோர் பலர் "இதற்குச் சாவி எங்கே?" என்று பெட்டி வாங்கிய கடையில் போய்க் கேட்கிறார்கள். அந்தச் சாவி பெட்டிக்கு உரியவருக்குத் தரப்படுவதே இல்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென ஓர் ஆணையம் தோன்றியது. டி.எஸ்.ஏ. என்பது அதன் சுருக்கப்பெயர். 2002 இறுதிக்குள் வானூர்தியில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டியும் சோதிக்கப்பட வேண்டும் என்று சட்டமாயிற்று. ஐயம் எழுந்தால் பெட்டியைத் திறந்துபார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் உடைக்க வேண்டும். இதற்கு மாற்றாக 2003-இல் 'டிராவல் சென்ட்ரி' என்னும் நிறுவனம் ஒரு முறையைக் கொண்டுவந்தது: ஒரே பூட்டுக்கு இரண்டு வழிகள். பயணிக்கு எண், சோதனையாளருக்குப் பொதுச்சாவி. சாவித்துளையின் அருகே 'டி.எஸ்.ஏ. 007' என்பதுபோல் பொறித்திருப்பது, எந்தப் பொதுச்சாவி பொருந்தும் என்பதற்கான அடையாளம். விரல்விட்டு எண்ணத்தக்க சில சாவிகள் உலகெங்கும் உள்ள கோடிக்கணக்கான பெட்டிகளைத் திறக்கும்.

2014-இல் ஓர் அமெரிக்க நாளிதழ் வெளியிட்ட கட்டுரையில் அப்பொதுச்சாவிகளின் ஒளிப்படம் தெளிவாக இடம்பெற்றுவிட்டது. மறு ஆண்டு அப்படத்தைக் கண்டவர்கள் சாவிகளின் பல்வரிசையை அளந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடத்தக்க வரைவுகளைப் பொதுவில் வைத்தார்கள். அச்சிட்ட நெகிழிச் சாவிகள் பூட்டுகளைத் திறந்தன. உலோகச் சாவி எதுவும் களவு போகவில்லை. களவு போனது அதன் வடிவம். சாவி என்பது உலோகத்தில் எழுதிய ஒரு செய்தி. படித்தவர் கையில் அது இருந்ததாகவே கொள்ளவேண்டும். பூட்டு ஆளை அறியாது என்பதன் மறுபக்கம் இது. எண்ணைத் தவறவிட்ட உரியவன் வெளியே நிற்கிறான். படத்தைப் பார்த்த அயலான் உள்ளே வருகிறான்.

எழுதுகோலின் முனை

பூட்டையே தொடாமல் பெட்டியைத் திறக்கும் வழியும் உண்டு. துணிப்பெட்டியும், பல கெட்டி ஓட்டுப் பெட்டியும் நாம் 'ஜிப்' என்று வழங்கும் பல்லிணைப்பால் மூடப்படுபவை. அமெரிக்காவில் குடியேறிய சுவீடன் நாட்டுப் பொறியாளர் கிதியோன் சண்ட்பேக் 1913-இல் வடிவமைத்து, 1917-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது இது. இழுப்பானின் வயிற்றில் ஒய் வடிவத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. முன்னே இழுத்தால் இரண்டு பல்வரிசைகளையும் சாய்த்து ஒன்றன் இடையில் மற்றொன்றை நுழைக்கும்; பின்னே இழுத்தால் நடுவிலுள்ள ஆப்பு அவற்றைப் பிளக்கும்.

இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் தனித்தனிப் பற்கள் இல்லை. நைலான் அல்லது பாலியெசுட்டர் இழையைச் சுருள்வில்போல் முறுக்கித் துணியோரத்தில் தைத்திருப்பார்கள். இரண்டு சுருள்களின் கண்ணிகளும் ஒன்றையொன்று கவ்வும். பக்கவாட்டில் எத்தனை வலுவாக இழுத்தாலும் கவ்வல் விடாது. விசை நூற்றுக்கணக்கான கண்ணிகளுக்குப் பகிர்ந்துபோகிறது. ஆனால் மேலிருந்து செங்குத்தாக ஒரே புள்ளியில் அழுத்தினால், பகிர்வதற்கு அண்டையில் எவரும் இல்லை. பந்துமுனை எழுதுகோலின் நுனி இரண்டு சுருளுக்கும் நடுவே இறங்கும். இறங்கிய இடத்திலிருந்து இருபுறமும் தள்ளிக்கொண்டே போனால் இணைப்பு முழுதும் பிளந்துவிடும். பூட்டு அப்போதும் பூட்டியபடியே இருக்கும். அது பிடித்துக்கொண்டிருப்பது இழுப்பானின் இரண்டு காதுகளை மட்டுமே. பொருளை எடுத்தபின் பூட்டோடு சேர்த்து இழுப்பானை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் கண்ணிகள் மீண்டும் கவ்விக்கொள்ளும்.

விடுதி இளைஞர் அறிந்திருந்த வழி இதுதான். அவர் சட்டைப்பையில் எழுதுகோலும் இருந்தது. எண்ணை மாற்றிவிடும் முனை, எண்ணே இல்லாமல் திறந்துவிடும் முனை, இரண்டும் ஒன்றே. மூன்றிலக்க எண்ணின் கணக்கும், வார்ப்பின் நுட்பமும், பொதுச்சாவியின் சட்டமும் அந்த இரண்டு ரிங்கிட் எழுதுகோலின்முன் பொருளற்றுப் போகின்றன. பயணப்பெட்டியின் பூட்டு கள்வனைத் தடுக்க வல்லதன்று. தற்செயலாகத் திறந்துகொள்வதையும், போகிற போக்கில் ஒருவர் கை நுழைப்பதையும் தடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

காற்று பூட்டும் பூட்டு

பூட்டே இல்லாமலும் பெட்டி நம்மை வெளியே நிறுத்துவதுண்டு. நம் அடுக்களையில் இதனைக் காணாதவர் இல்லை. சுடச்சுடச் சாம்பாரை ஊற்றிச் சம்புடத்தை இறுக மூடிவைத்தால், ஆறியபின் மூடி கழல மறுக்கும். உள்ளிருந்த நீராவி குளிர்ந்து நீராகிச் சுருங்க, உள்ளழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஒளிப்படக் கருவிகளும் அளவைக்கருவிகளும் கொண்டுசெல்லும் காற்றுப்புகாப் பெட்டிகளுக்கும் இதே நிலை நேரும். கொடைக்கானலில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் மேலே, அத்தகைய பெட்டியொன்றை மூடிச் சென்னைக்குக் கொண்டுவருவதாகக் கொள்வோம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 77 விழுக்காடுதான். பெட்டிக்குள் மலைக்காற்று, வெளியே கடற்கரைக் காற்று. மூடி 50 செண்டிமீட்டர் நீளமும் 35 செண்டிமீட்டர் அகலமும் உடையதானால் அதன் பரப்பு 1,750 சதுர செண்டிமீட்டர். வேறுபட்ட அழுத்தம் அதன்மேல் ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்கு ஒப்பாக அமுக்கும். சென்னை வெயிலில் உள்காற்று சூடேறிச் சற்று விரிந்தாலும், எஞ்சுவது 300 கிலோகிராமுக்குக் குறையாது. மூடி ஒருபுறம் கீலில் மாட்டியிருப்பதால் மறுவிளிம்பைத் தூக்க அதில் பாதி விசை போதும். அதுவும் இரண்டு ஆள் எடை. மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் பாதி குடித்து மூடிய நெகிழிப் புட்டி தானே நசுங்குவதைப் பார்த்தவர்கள் இந்த விசையைக் கண்ணால் கண்டவர்கள். 1650-களில் செருமனியில் ஓட்டோ வான் கெரிக் இரண்டு அரைக்கோளங்களுக்கிடையே காற்றை வெளியேற்றி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தும் பிரிக்க முடியாமற்போனதும் இவ்விசையாலேதான்.

இதற்குத் தீர்வு ஒரு சிறு திருகு. அத்தகைய பெட்டியின் முகப்பில் காற்றை நிகர்செய்யும் அடைப்பான் ஒன்று இருக்கும். அதனை அரைச்சுற்று திருகினால் 'உஸ்' என்று காற்று உட்புகும். இரண்டு ஆள் தூக்கவேண்டிய மூடியை ஒரு விரல் தூக்கும். எண்பூட்டு கேட்பது மூன்று திசைகள். காற்றுப்பூட்டு கேட்பது உள்ளும் புறமும் ஒத்த அழுத்தம். இரண்டுக்கும் நம் பெயர் தேவையில்லை.

புறப்படுமுன்

இவற்றிலிருந்து பயணிக்குச் சில நெறிகள் தாமே கிடைக்கின்றன. பெட்டியை மூடுமுன், மூடி திறந்திருக்கும்போதே பூட்டை மட்டும் பூட்டி, வளையங்களைக் கலைத்து, எண்ணை வைத்து ஒருமுறை திறந்துபார்க்க வேண்டும்; பல் மாறியிருந்தால் வீட்டிலேயே வெளிப்பட்டுவிடும். எண்ணைக் கைப்பேசியில் குறித்துவைப்பதோடு நெருங்கிய ஒருவரிடமும் சொல்லிவைக்கலாம். மாத்திரை, கடவுச்சீட்டு, ஒருநாள் உடை ஆகியவை தோள்பையில் இருக்கவேண்டும். எண் பொருந்தாவிட்டால் ஓர் இலக்கம் மாறிய 27 எண்களை முதலில் சோதிக்க வேண்டும். உடைப்பது கடைசி வழி.

அன்றிரவு நான் இந்த ஒழுங்கில்தான் சென்றேன். முதல் வளையத்தை மட்டும் மாற்றி ஒன்பது முயற்சி, பயனில்லை. அதனை 4-இல் நிறுத்திவிட்டு நடுவளையத்துக்கு வந்தேன். அருகில் நின்ற இளைஞர், எழுதுகோலைக் கையில் எடுத்தபடி, "உள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க ஐயா, கேட்டு வச்சுக்கிறேன்" என்றார். வளையத்தைத் திருப்பிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னேன்: நீல உறையில் மாத்திரை, கரையில்லாத வேட்டி இரண்டு, கயிறு கட்டிய தாள்கட்டு, வாழைச்சருகு சுற்றிய ஊறுகாய்ப் புட்டி. பதினோராவது முயற்சியில், 4-2-7-இல், குமிழ் நகர்ந்தது.

புறப்பட்ட நாளின் மாலை நினைவுக்கு வந்தது. நான் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஐந்து வயதுப் பெயர்த்தி பெட்டியருகே அமர்ந்து, என் எழுதுகோலால் பூட்டில் இருந்த "குட்டி ஓட்டையை" ஆராய்ந்துகொண்டிருந்தாள். நடுவளையம் ஒரு பல் நகர அவளுக்கு ஒரு நொடி போதும்.

மூடியைத் தூக்கினேன். புட்டியின் வாயோரம் சற்றே கசிந்திருக்கவேண்டும். நார்த்தங்காயின் காரமும் வெயிலில் காய்ந்த உப்பும் கலந்த மணம் அறை முழுதும் எழுந்தது. இளைஞர் எழுதுகோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "உங்க பெட்டிதான் ஐயா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். என்ன எண்ணில் திறந்தது என்று அவர் கேட்கவே இல்லை.